வாலைத் தூக்கிய வண்டு

மழைக்குப் பயந்து, மட்கிய வாழைச்சருகுக்கு அடியில் ஒரு புதுப் பூச்சி வந்து ஒண்டியது. சில்வண்டுகள் எட்டிப் பார்த்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"ஐயோ, தேள்! வெளியே துரத்துங்க!" என்று அவை கத்தின.

மரவட்டைக்குச் சந்தேகம். தேளுக்கு எட்டுக் கால், இதற்கு ஆறுதான். எறும்பு என்று சொல்லலாமென்றால், முதுகில் குட்டைச் சட்டை மாதிரி ஓர் ஓடு. மெல்ல ஊர்ந்து கிட்டே போய், "நீ யாருப்பா?" என்று கேட்டது.

"வண்டுதாங்க."

"வண்டுக்கு ஓடு முதுகு முழுக்க மூடுமே?"

"எனக்குப் பாதிதாங்க. அதுக்குள்ளதான் இறக்கையை மடிச்சு வெச்சிருக்கேன்."

"வால்ல கொடுக்கு இருக்கா?"

"இல்லீங்க. பயந்தா தூக்குவேன்."

"இங்க என்னப்பா பயம்?"

"எல்லாரும் சுத்தி நின்னு கத்துறீங்களே!"

மரவட்டை திரும்பி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்றது. சில்வண்டுகள் முணுமுணுத்தபடி நகர்ந்தன. தூக்கிய வால் மெதுவாகக் கீழே இறங்கியது.