யானைக்கு ஒரு சதக்கா

லண்டனில் படிக்கும் றிஸ்னி வசந்த விடுமுறைக்கு இலங்கை வந்திருக்கிறாள். யானை காட்டுகிறேன் என்று வாப்பாவின் தம்பியான கல்முனைச் சாச்சா அவளைக் குடும்பத்தோடு வேனில் ஏற்றிவந்து நிறுத்தியிருப்பது ஒரு குப்பைமேட்டில். வெயிலில் புகை எழும்புகிறது. அழுகிய மீன்குடல் நாற்றம் தொண்டைக்குள் இறங்குகிறது. ஈ மொய்க்கும் யானையொன்று பொலித்தீனை நிதானமாக மெல்லுகிறது. அதன் காலடியில் கிடக்கும் லத்திக்குள் நீலப் பையொன்று மடிப்புக்கூடக் கலையாமல் மினுங்குகிறது. றிஸ்னி துப்பட்டாவால் மூக்கைப் பொத்துகிறாள். சாச்சா தன் மிச்சச் சோற்றைப் பொலித்தீனோடு சுருட்டி யன்னலால் எறிகிறார். "வாயில்லாச் சீவன். இதுக்குக் குடுக்கிற தருமமும் சதக்காதான் மகள்." யானை அதைப் பிரிக்காமலே விழுங்க, சாச்சி கைதட்டிச் சிரிக்கிறார். "உங்கட சோத்துப் பார்சலயும் போடுங்க மகள், நன்மை கிடைக்கும்." வேனுக்குள் எல்லாப் போன்களும் அவளைப் படமெடுக்க உயர்கின்றன. குழம்பு கசியும் பார்சலோடு றிஸ்னியின் கை யன்னலுக்குப் போகிறது. முகம் பழக்கத்தில் சிரிக்கிறது.