பொருந்தினால் ஒரு சந்தேஷ்

மோட்டாருக்குள் இருக்கும் எஃகுத் தகட்டில் எவ்வளவு மின்சாரம் சூடாகி வீணாகும் என்று மாதங்கி கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தாளில் எடுப்பாள். அதே தகட்டை மீட்டரில் அளந்து எழுதுவது கிழவர் கோவிந்தராஜனின் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்ற அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது.

ஆரம்பத்தில் அவர் அளவும் அவள் கணக்கும் எலியும் பூனையுமாக இருந்தன.

"கணக்கு தப்பாது மாமா. உங்க கைதான் தப்பு. மறுபடி அளங்க," என்று விரட்டுவாள்.

பிறகு எல்லாம் அச்சடித்ததுபோல் பொருந்தத் தொடங்கியது. பொருந்திய நாளெல்லாம் கிழவருக்கு அவள் கையால் ஒரு சந்தேஷ் இனிப்பு.

இன்று ஹௌராவிலிருந்து மோட்டார் கம்பெனி முதலாளி வாஞ்சிநாதனே வந்துவிட்டார். அவர் கண்ணெதிரே பொருந்திவிட்டால் ஆயிரம் மோட்டாருக்கான தகட்டுக்குக் கையெழுத்து, மாதங்கிக்கு வேலை நிரந்தரம். அவர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

மாதங்கி புதுத் தகட்டை நீட்டினாள். "அளந்து சொல்லுங்க மாமா."

"தாள் எங்கேம்மா?"

"அது அப்புறம். முதல்ல உங்க அளவு."

"தாளைப் பாக்காம எப்படிம்மா சொல்றது?" என்றார் கோவிந்தராஜன். "மீட்டர்தான் போன துர்கா பூஜைக்கே செத்துப்போச்சே."