புருசன் பேரு என்ன?

"ஒம் பேரு?"

"அழகம்மா."

"புருசன் பேரு?"

"மாடசாமி," என்றாள் அவள், கடையில் உப்புக் கேட்பதுபோல் சாதாரணமாக.

கேள்வி கேட்ட மாடசாமி தலையைக் குனிந்துகொண்டான். சொந்தப் பெயரையே ஒரு பெண்ணுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததை நினைக்க அவனுக்கு உடம்பு கூசியது.

அவள் அழகம்மா இல்லை, கிருஷ்ணம்மா. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவனோடு ஒரே லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், வளர்ந்தவள். அழகம்மா அவன் மனைவி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இருவருமாக எழுதிப்போட்ட பிறகு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதை அவன் மேலே அறிவிக்கவில்லை.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் லயம் எரிந்தபோது, விதவையான கிருஷ்ணம்மாவுக்கு உடுத்த சேலைதான் மிஞ்சியது. அவளுடைய ஒரே மகள் புருசனோடு கோத்தகிரியில் இருந்தாள், தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டு. அங்கே போய்ச் சேர அவளிடம் ஒரு கடுதாசியும் இல்லை.

அகதி முகாமில் ஒருநாள் அவன்தான் வாயை விட்டான். "அழகம்மா எடம் சும்மாதானே கெடக்கு."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் காதில் விழும் என்று உறைத்தது. அவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் வந்து, மகளைப் பார்க்க வேண்டும், வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

இன்று மாத்தளையில் நேர்முக விசாரணை. மண்டபத்து வாசலில் வரிசையில் நின்றார்கள். அவள் நெற்றியில் குங்குமம், கழுத்தில் அழகம்மாவின் மஞ்சள் கயிறு. அதைப் பார்க்க முடியாமல் அவன் ரோட்டைப் பார்த்தான்.

"ஏன்டா மாடா, இப்புடி வேர்க்குது ஒனக்கு? பொண்ணு பார்க்க வந்தவனாட்டம்," என்று சிரித்தாள் அவள்.

அப்போது உள்ளே போயிருந்த ஒரு ஜோடி அழுதுகொண்டே வெளியே வந்தது. பொய்ச் சோடி என்று விசாரிக்கிற ஐயா கண்டுபிடித்துவிட்டாராம். வரிசை முழுக்க அதே பேச்சு.

மாடசாமி அவள் பக்கம் திரும்பினான். இன்னொரு தடவை எல்லாவற்றையும் கேட்டான். பேர், தகப்பன் பேர், தோட்டம் எல்லாம் சரியாகச் சொன்னாள். "புருசன் பேரு?" என்றபோது மட்டும் மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு எங்கோ பார்த்தாள்.

"தெரியும். விடுங்க."

பொய்க்குக்கூடத் தன்னைப் புருசன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருக்கிறது என்று அவன் நினைத்தான். வெட்கப்பட வேண்டியதுதானே?

உள்ளே, இந்தியாவிலிருந்து வந்திருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவள் அழகம்மா என்று சொன்னபோது, செத்துப்போனவளே பின்னால் நின்று கேட்பதுபோல மாடசாமிக்குப் பிடரி குளிர்ந்தது.

"வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

அவள் பேசவில்லை. அவர் மறுபடி கேட்டார். அவள் உதட்டை மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

எல்லாம் போச்சு. தப்பெல்லாம் தன்மேல்தான் என்று சொல்லிவிட மாடசாமி வாயைத் திறந்தான். அதற்குள் அதிகாரி சிரித்துவிட்டார்.

"எங்கம்மாவும் இப்படித்தான், அப்பா பேரைச் சொல்லவே மாட்டாங்க," என்றார் பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம். "டக்குனு சொல்லுச்சே முன்னாடி வந்த பொண்ணு, அந்த மாதிரி ஆளுங்களத்தான்யா சந்தேகப்படணும்."

முத்திரை விழுந்தது.

வெளியே வந்த பிறகுதான் மாடசாமிக்கு நினைவு வந்தது. அழகம்மா வாழ்ந்த காலத்தில் ஒருமுறைகூட அவன் பெயரைச் சொன்னதில்லை. அதையே மறந்துவிட்டு, இவளுக்கு அந்தப் பெயரை உருப்போட வைத்திருக்கிறான்.

"கெட்டிக்காரி நீ. எனக்கே தோணல, எம்புட்டு நல்லா நடிச்ச," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "இனி அந்தக் கஷ்டம் வேணாம். பழையபடி மாடான்னே கூப்புடு."

அவள் குங்குமத்தைத் துடைத்துவிடுவாள் என்று காத்திருந்தான். கிருஷ்ணம்மா மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

"நடிக்கலங்க. வாயில வரல."