மிச்சப் பொட்டலம்

"சிவப்பு வந்தா கல்கத்தாவுக்குப் போ. வெள்ளை வந்தா ஊர்லயே இரு. அம்மன் சொல்லுததுதான் முடிவு," என்றார் சுயம்புலிங்கம்.

சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்க்க வந்திருந்தார்கள். மகள் ப்ரியதர்ஷினிக்குக் கல்கத்தாவில் புள்ளியியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவ்வளவு தூரம் அனுப்ப அப்பாவுக்குப் பயம். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"பாதிக்குப் பாதி வாய்ப்புப்பா. இதுக்குக் காசைச் சுண்டிப் பாத்திருக்கலாம்."

"ஏட்டி, சன்னதில வச்சு வாயை அடக்கு."

உண்மையில் பாதிக்குப் பாதி என்றுகூட அவள் நம்பவில்லை. காரணம், பெரியப்பா குருநாதன். பூக்கட்டிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர். "நானே கட்டுதேன்" என்று சிவப்பும் வெள்ளையுமாக அரளிப்பூவை வாங்கிக்கொண்டு, நிறத்துக்கு ஒரு பொட்டலமாகக் கட்டத் தூணுக்குப் பின்னால் போனவரும் அவர்தான்.

அவர் மகள் ஞானபூரணம் அக்கா நர்சிங் படிக்க ஆசைப்பட்டபோதும் இதே சன்னதியில் அவர்தான் பூ கட்டினார். வெள்ளை வந்தது. கையோடு அக்காவுக்குக் கல்யாணமும் முடிந்தது.

இப்போதும் ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் வைத்திருப்பார். புள்ளியியல்காரி அல்லவா, கணக்குப் போட்டுவிட்டாள். பெரியப்பாவை மடக்க வழியும் வைத்திருந்தாள்.

அர்ச்சகர் தட்டை நீட்டினார். ஒரு பொட்டலத்தை எடுத்தவள், பிரிக்காமல் கைக்குள் இறுக மூடிக்கொண்டாள்.

"தட்டுல மிச்சம் இருக்கதைப் பிரிங்க. அது வெள்ளைன்னா, என் கையில இருக்கது சிவப்புதானப்பா?"

அப்பா யோசித்தார். "ஆமா, சரிதான்."

பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி, ஒன் கையில உள்ளதப் பிரி. அதான் முறை!"

மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் சிரித்தாள் ப்ரியா.

அர்ச்சகர் மிச்சப் பொட்டலத்தைப் பிரித்தார்.

சிவப்பு அரளி.

அவள் போட்ட கணக்கே அவளைக் கவிழ்த்துவிட்டது.

"அப்போ ஒன் கையில வெள்ளை," என்றார் அப்பா மெதுவாக. "விடு மக்கா. அம்மன் வேண்டாம்னுட்டா."

அவளுக்கு அழுகை முட்டியது.

"பிரிச்சுத்தான் பாரேன்," என்றார் பெரியப்பா, கெஞ்சுகிற குரலில்.

பிரித்தாள்.

அதிலும் சிவப்பு!

"கோமதித் தாயே!" சுயம்புலிங்கம் தலைக்கு மேல் கைகூப்பினார். "வெள்ளையையே சிவப்பாக்கிட்டியே! ஏட்டி, இதுக்கு மேல என்ன வாக்கு வேணும்? இன்னைக்கே டிக்கெட்டப் போடு!"

சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். ப்ரியாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பெரியப்பா மட்டும் யாரையும் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரகாரத்தில் அவரோடு சேர்ந்து நடந்தாள்.

"மன்னிச்சிருங்க பெரியப்பா. என் கணக்குல உங்களுக்கு நல்ல மனசு இருக்க வாய்ப்பே நான் வைக்கலை."

"ஒன் கணக்கு சரிதான் மக்கா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "பூரணத்துக்கு நான் ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சேன்."