எந்தக் காலை?

“ரெண்டு காலையும் நீட்டுங்கண்ணே. பயப்படாதீங்க, நான் பிடிச்சுக்கறேன்” என்றார் கடைக்காரர்.

டிரைவர் பயந்து பயந்து நீட்டினார். கடைக்காரர் பக்கத்திலிருந்த கம்பியை அழுத்தியதும், சக்கர நாற்காலியின் கால் தாங்கிகள் இரண்டும் ஜம்மென்று மேலே எழும்பின. தன் கால்கள் எதிரே விறைப்பாக நிற்பதைப் பார்த்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“வலிக்குதாங்க?” என்று பதறினாள் மனைவி.

“வலிக்கவே இல்லையே! அதுதானே எனக்குப் புரியல!”

“வலியே தெரியாத அளவுக்கு முத்திப்போச்சு போலிருக்கு” என்று அவள் கடைக்காரரிடம் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு என்பது அவள் கணக்கில். கடை முழுக்கக் கேட்டது.

நன்றாகத்தான் இருந்தார் டிரைவர். டவுன் பஸ்ஸில் விடிவதற்கு முன் கிளம்பும் முதல் வண்டி அவருடையது. எத்தனையோ வருஷமாக அந்த ஊரை எழுப்புவதே அவருடைய ஹாரன்தான். கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது, உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது என்று டாக்டரிடம் போனார். டாக்டர் ரத்தம் முதல் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, முடிவை நேற்று மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார். அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டதாக அவள் சத்தியம் செய்கிறாள்.

“மருந்து, மாத்திரை ஒண்ணும் வேணாமாம். ‘உங்க வீட்டுக்காரருக்குக் காலைத் தூக்க வேணும், அது போதும்’னுட்டார்” என்று கடைக்காரரிடம் ஒப்பித்தாள்.

“அப்போ கால் தூக்குற வண்டிதான் சரி” என்றார் கடைக்காரர். “சாதா வண்டின்னா காலைத் தொங்கப் போட்டுட்டே உட்காரணும்.”

“காலைத் தூக்கிட்டா பிரேக்கை எவன் மிதிப்பான்?” என்றார் டிரைவர். இனி பஸ் அவ்வளவுதான் என்று அவர் முடிவே செய்துவிட்டார். வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

வேண்டா வெறுப்பாக நாற்காலியைத் தடவிப் பார்த்தார். கை பிரேக்கை இழுத்துப் பார்த்தார். “ஹாரன் எங்கப்பா?”

“இதுல ஹாரன் கிடையாதுண்ணே. வாயாலதான் ‘ஓரம் போ’ன்னு சொல்லணும்.”

“சைடு கண்ணாடி?”

“அதுவும் கிடையாது. ஆனா ஒண்ணு, காலைத் தூக்கினா வண்டி நீளம் கூடிடும். வீட்டுக்குள்ள திருப்ப இடம் இருக்கா?”

டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “பஸ்ஸையே முட்டுச்சந்துல திருப்பினவன்யா நான்!” என்று சக்கரத்தைப் பிடித்து ஒரே வெட்டு வெட்டினார். நீட்டிக்கொண்டிருந்த கால்கள் பட்டு, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கைத்தடிகள் அத்தனையும் சடசடவென்று சரிந்தன. அவர் துள்ளி எழுந்து, குனிந்து, எல்லாவற்றையும் பொறுக்கி அடுக்கிவிட்டு மறுபடி நோயாளியாக உட்கார்ந்துகொண்டார்.

“காலு பத்திரங்க!” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் கெண்டைக்காலுக்கு மெத்தை வைத்த இன்னொரு வண்டியைக் கொண்டுவந்தார். அதில் ஏறி உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, ஆவென்று ஒரு கொட்டாவி விட்டதுதான் தெரியும். அடுத்த நிமிஷம் டிரைவரின் குறட்டை கடையை அதிர வைத்தது.

“பாத்தீங்களா! காலைத் தூக்கினதும் மனுஷனுக்கு எவ்வளவு சொகம்! டாக்டர் சொன்னா சொன்னதுதான்” என்று மனைவி பூரித்துப்போனாள்.

“அப்போ இதையே எடுத்துக்கலாம்க்கா. ஆனா எந்தக் கால்? ஒத்தைக் கால் தூக்குறதும் இருக்கு, ரெண்டும் தூக்குறதும் இருக்கு.”

அவள் திருதிருவென்று விழித்தாள். அதைக் கேட்கத் தோன்றவில்லையே! உடனே டாக்டருக்குப் போன் போட்டு, கடைக்காரருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள். சத்தத்தில் டிரைவரும் விழித்துக்கொண்டார்.

“டாக்டர், பஸ் டிரைவர் வீட்டம்மா பேசறேன். நேத்து சொன்னீங்களே, எந்தக் காலைன்னு சொல்லவே இல்லையே?”

“எந்தக் காலையா? எல்லாக் காலையும்தாம்மா!”

“எல்லாக் காலையுமா? அவருக்கு இருக்கறதே ரெண்டுதானே டாக்டர்!”

டாக்டரும் குழம்பிப்போனார். “வாரத்துக்கு ஏழு இருக்கேம்மா?”

“ஏழா!” அவள் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரர் டிரைவரின் கால்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினார். “டாக்டர், கால் எத்தனையா வேணா இருந்துட்டுப் போகட்டும். நான் மறுபடி பஸ் ஓட்டுவேனா மாட்டேனா, அதை மட்டும் சொல்லுங்க!”

“ஏன் ஓட்டமாட்டீங்க? தாராளமா ஓட்டுங்க. முதல் வண்டி மட்டும் வேணாம், மத்தியான வண்டியா வாங்கிக்குங்க.”

மனைவி போனைத் திரும்பப் பறித்தாள். “என்ன டாக்டர் விளையாடறீங்க? ரெண்டு காலையும் தூக்கி வெச்சுக்கிட்டு மனுஷன் எப்படி பஸ் ஓட்டுவாரு?”

“அட கடவுளே! நான் காலைத் தூக்கச் சொல்லலம்மா, காலையில தூங்கச் சொன்னேன்!”