கொடியை நீட்டும் கைகள்

வேவு விமானம் மலையில் மோதி நொறுங்கி, அதன் விமானி இறந்துபோன மறுநாள் காலை, அவர் வீட்டுக் கூடத்தில் விமானப்படை அதிகாரி நிற்கிறார். மடித்த கொடியை இரு கைகளாலும் நீட்டிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் அவருடைய பூட்ஸின் பளபளப்பில் வழுக்குகிறது. விமானியின் மனைவி நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் மடியில் மகள் பிஸ்கட்டைக் கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அதிகாரி தொண்டையைச் செருமுகிறார். "மேகமூட்டம்தான் காரணம்மா. யாரும் எதிர்பார்க்கல." அவள் நிமிர்கிறாள். "எஞ்சின் திணறுதுன்னு போன வாரமே அவரு பாதியில திரும்பி வந்தாரே. அதே விமானத்துல மறுபடி ஏறச் சொன்னது மேகமா?" அதிகாரியின் பார்வை சுவருக்குத் தாவுகிறது. கூட வந்த புகைப்படக்காரர் குழைகிறார். "அக்கா, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி, கொடியை வாங்கிக்கிற மாதிரி..." மூலையில் நிற்கும் விமானியின் அப்பா சிரித்தேவிடுகிறார், காறித் துப்புவது போன்ற சிரிப்பு. "அடுத்த நாட்டு மொட்டைமாடியில காயற துணிகூட உங்களுக்குத் தெரியும். சொந்த எஞ்சின் மட்டும் கண்ணுல படாது, இல்ல?" அதிகாரியின் கைகள் இன்னும் நீண்டே இருக்கின்றன. கொடியை யாரும் வாங்கவில்லை. வாசலில் அழுகுரல்கள் நெருங்கிவருகின்றன. அவள் மகளின் வாயைத் துடைத்துவிட்டு, அதிகாரியின் முகத்தைப் பார்க்காமலே சொல்கிறாள். "கொஞ்சம் ஓரமா நில்லுங்க. அழுறவங்க உள்ளே வரணும்."