ஜோடி வால்வு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும்!

கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசிக்கும் பெலிக்ஸின் ஆம்ப்ளிஃபையருக்குள், பல்பு மாதிரிக் கண்ணாடிக் கூட்டுக்குள் எரியும் இரண்டு பவர் வால்வுகள் குடியிருந்தன. ஒரே அளவு கரண்ட் இழுக்கின்றனவா என்று சோதித்து ஜோடி சேர்த்தவை. நாளாக நாளாக இடது வால்வு மட்டும் கூடுதலாக இழுக்கத் தொடங்கியது. உள்ளே அதன் தகடு சிவந்து ஜொலித்தது.

“எவ்வளவு அழகா எரியுது பாரு!” என்று பெலிக்ஸ் மெச்சினார்.

“கேட்டியா? உன்னை யாராச்சும் திரும்பிப் பார்த்தாங்களா?” என்றது இடது.

“டேய், நாம வந்த அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற கரண்ட் அளவு நாம தாங்குற எல்லை. அவருக்கு அழகாத் தெரியறது நீ வேகறதுடா!” என்றது வலது.

“உனக்குப் பொறாமை.”

அடுத்த கச்சேரியில், பாட்டின் நடுவிலேயே இடது கருகிச் செத்தது. வலது அழுதது. அளவோடு இருந்ததால் நான் பிழைத்தேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் பட்டுக்கொண்டது.

மெக்கானிக் ரசல் வந்து கருகியதைப் பிடுங்கினார். பிறகு வலதையும் பிடுங்கினார்.

“அண்ணே, அது நல்லாத்தானே இருக்கு?” என்றார் பெலிக்ஸ்.

“இருக்கட்டும் தம்பி. இதை ஜோடியாத்தான் மாத்தணும்.”

குப்பைக்கூடையில் இரண்டும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

நான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். என் பழைய ரேடியோவுக்குள்ளும் ஒரு ஜோடி இருக்கிறது. அதில் ஒன்று ரொம்ப அளவாக எரிகிறது; அதன் காதில் இது விழ வேண்டாம்.